பதிந்த பேச்சு பத்தாண்டு கழித்தும் கேட்க வேண்டுமானால்

வணிகத்தில் வாய்ச்சொல்லுக்கு உள்ள மதிப்பு நம் உறுப்பினர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மண்டியில் விலை பேசுவது வாயால். தரகர் சரக்கின் தரம் சொல்வது வாயால். லைனுக்குப் போகும் பையன் கடை கடையாக ஆர்டர் எடுப்பதும் பெரும்பாலும் வாயால்தான். சிட்டையும் பில்லும் அதற்குப் பிறகே வருகின்றன. ஆகவே பேச்சைப் பதிந்து வைக்கும் சிறு கருவி ஒன்று நம் கல்லாப் பெட்டிக்கு அருகில் இடம் பிடித்ததில் வியப்பில்லை. சரக்கு இருப்பு எடுக்கும்போது குடோனில் நின்று எண்ணிக்கையைச் சொல்லிப் பதிபவர்களும், பொதுக்குழுவின் நடவடிக்கைகளைப் பதிந்து பிறகு குறிப்பேட்டில் எழுதுபவர்களும் நம்மிடையே உண்டு.

பதிவது எளிது. பதிந்ததைப் பல ஆண்டுகள் கழித்து வேறொரு கணிப்பொறியில் கேட்பதுதான் கடினம். அந்தக் கடினம் எங்கே இருக்கிறது, அதை வாங்கும்போதே எப்படித் தவிர்ப்பது என்பதே இந்தப் பாடம். எங்கள் சங்கம் கை சுட்டுக்கொண்டு கற்ற பாடம் இது. ஆகையால் முதலில் அந்த நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறோம்.

நமக்கு நேர்ந்தது

எங்கள் சங்கக் கட்டட நிதிப் பேரேடு 2005ஆம் ஆண்டு மழையில் நனைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பாதிக்கு மேல் படிக்க முடியாமல் போயிற்று. எந்தக் கடைக்காரர் எவ்வளவு கொடுத்தார், எதைக் கடனாகக் கொடுத்தார், எதை நன்கொடையாகக் கொடுத்தார் என்ற விவரமெல்லாம் அதில்தான் இருந்தது. நல்ல வேளையாக, முப்பது ஆண்டுகள் பொருளாளராக இருந்த பெரியவர் நல்ல நினைவோடு இருந்தார். 2006இல் இரண்டு மாலைப் பொழுதுகள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தப்பிய பக்கங்களை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகச் சொல்லச் சொல்லி, புதிதாக வாங்கிய ரெக்கார்டரில் பதிந்தோம். மொத்தம் நான்கு பதிவுகள். அவற்றைக் கணிப்பொறிக்கு மாற்றி, குறுந்தகட்டில் ஏற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினோம். அடுத்த கூட்டத்தைப் பதிய இடம் வேண்டும் என்று ரெக்கார்டரில் இருந்ததை அழித்தும்விட்டோம்.

பெரியவர் 2011இல் காலமானார். 2019இல் கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு வந்தது. பழைய உறுப்பினர்களின் வாரிசுகள் தங்கள் தகப்பனார் கொடுத்த தொகைக்குக் கணக்குக் கேட்டார்கள். கேட்பது நியாயம்தானே! குறுந்தகட்டை எடுத்துப் புதிய கணிப்பொறியில் போட்டோம். நான்கு கோப்புகளும் இருந்தன, ஒன்றும் திறக்கவில்லை. அவை அந்த ரெக்கார்டரைச் செய்த நிறுவனத்துக்கே உரிய வகைக் கோப்புகள். அதைத் திறக்கும் மென்பொருள் கருவியோடு வந்த இன்னொரு தகட்டில் இருந்தது. அந்தத் தகடு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

பதினோரு நாள் அலைந்தோம். கடைசியில் நம் அரிசி வியாபாரி ஒருவரின் குடோனில் தூசி படிந்து கிடந்த பழைய கணிப்பொறியில் அதே மென்பொருள் இருந்தது. அவரும் அதே மாதிரி ரெக்கார்டர் வாங்கியிருந்தார். மூன்று பதிவுகள் முழுமையாகக் கேட்டன. பெரியவர் குரலைக் கேட்டதும் அங்கிருந்த பலருக்குக் கண் கலங்கியது. நான்காவது பதிவு ஆறு நிமிடத்தோடு நின்றுவிட்டது. 2006இல் கோப்பு முழுவதும் நகலாகி முடியுமுன் யாரோ கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள். நகலை ஒரு முறைகூடக் கடைசி வரை கேட்டுப் பார்க்காமலே மூலத்தை அழித்தவர்கள் நாங்கள். கிழக்கு வரிசை ஒன்பது கடைகளின் கணக்கு அந்தப் பதிவில் போயிற்று. அந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி, ஒரு தொகைக்கு ஒத்துக்கொள்ள வைத்தோம். ஒத்துக்கொண்டார்கள், ஆனால் மனம் நிறைந்து ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது.

இதில் நடந்த தவறுகள் இரண்டு. பதிவு எந்த வகைக் கோப்பாக எழுதப்படுகிறது என்று கேட்காமல் வாங்கினோம். நகலைச் சரிபார்க்காமல் மூலத்தை அழித்தோம். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கோப்பு வகை என்றால் என்ன?

படியும் மரக்காலும் வீசையும் ஊருக்கு ஊர் மாறியிருந்த காலத்தை நம் மூத்த வணிகர்கள் சொல்லக் கேட்டிருப்போம். 1956இல் எடை அளவுச் சட்டம் வந்து, மெட்ரிக் அளவு படிப்படியாக நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பின்தான் ஓர் ஊரில் நிறுத்த சரக்கு இன்னோர் ஊரிலும் அதே எடை என்றாயிற்று. கோப்பு வகையும் அப்படிப்பட்டதுதான். ஒலியை எண்களாக மாற்றி எழுதி வைப்பதற்கான முறையே கோப்பு வகை. எல்லோரும் அறிந்த முறையில் எழுதினால் எந்தக் கணிப்பொறியும் படிக்கும். ஒரு நிறுவனம் தனக்கென்று வைத்துக்கொண்ட முறையில் எழுதினால் அந்த நிறுவனத்தின் மென்பொருள்தான் படிக்கும்.

கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து, பெரும்பாலும் மூன்று எழுத்து வரும். அதுவே வகையைச் சொல்லும் அடையாளம். அந்த எழுத்தை மட்டும் மாற்றி எழுதினால் வகை மாறிவிடாது. மூட்டையின் மேல் உள்ள முத்திரையை மாற்றினால் உள்ளே இருக்கும் அரிசி மாறுமா? மாற்றும் மென்பொருள் கொண்டு முறையாக மாற்ற வேண்டும்.

எல்லோரும் படிக்கும் வகைகள்

வேவ்: மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம். ஆகிய நிறுவனங்கள் 1991இல் வெளியிட்ட வகை. ஒலியைச் சுருக்காமல் அப்படியே எழுதுவது. குறுந்தகட்டுத் தரம் என்பது ஒரு வினாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுவது. இடம் அதிகம் பிடிக்கும். ஆனால் ஏறக்குறைய எல்லாக் கணிப்பொறியும் படிக்கும்.

எம்.பி.3: காதுக்கு எளிதில் எட்டாத பகுதிகளை விட்டுவிட்டுச் சுருக்கி எழுதுவது. இதற்கான காப்புரிமை உரிமத் திட்டம் 2017இல் முடிவுக்கு வந்தது. இன்று யாரும் கட்டணமின்றி இதைப் பயன்படுத்தலாம். பேச்சுப் பதிவுக்கு இது போதும்.

ஒன்றை மறக்கக் கூடாது. சுருக்கும்போது விட்டுப்போனது மீண்டும் வராது. எம்.பி.3 கோப்பை வேவ் ஆக மாற்றினால் அளவு பெருகுமே தவிர தரம் உயராது. எம்.பி.3 கோப்பை மறுபடி மறுபடி எம்.பி.3 ஆகச் சுருக்கினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கெடும்.

இடக் கணக்கு ஒரு மணி நேரத்துக்கு இப்படி வரும்:

வேவ், குறுந்தகட்டுத் தரம், ஸ்டீரியோ – சுமார் 635 எம்.பி.
வேவ், அதே தரம், மோனோ – சுமார் 318 எம்.பி.
எம்.பி.3, 192 கிலோபிட் – சுமார் 86 எம்.பி.
எம்.பி.3, 128 கிலோபிட் – சுமார் 58 எம்.பி.
எம்.பி.3, 64 கிலோபிட் – சுமார் 29 எம்.பி.

ஆக, 16 ஜி.பி. கார்டு ஒன்றில் ஸ்டீரியோ வேவ் என்றால் சுமார் 25 மணி நேரமும், 128 கிலோபிட் எம்.பி.3 என்றால் சுமார் 277 மணி நேரமும் பதியலாம். இன்றைய கார்டு விலையில் இடத்துக்காகத் தரத்தை மிகவும் குறைத்துக்கொள்ளத் தேவையில்லை. முக்கியமான கணக்குப் பேச்சு, பாகப் பேச்சு என்றால் வேவ். அன்றாட ஆர்டர், சரக்கு இருப்பு என்றால் 128 கிலோபிட் எம்.பி.3. இதுவே நாங்கள் இப்போது வைத்திருக்கும் முறை.

எச்சரிக்கை தேவைப்படும் வகைகள்

பழைய ரெக்கார்டர்களில் நினைவகம் மிகக் குறைவு. அந்தக் குறைந்த இடத்தில் பல மணி நேரப் பேச்சை அடக்க வேண்டியே நிறுவனங்கள் தத்தம் முறையில் சுருக்கின. ஆகவே இந்த வகைகள் வஞ்சகமாகப் பிறந்தவை அல்ல. காலத்தின் தேவைக்குப் பிறந்தவை. ஆனால் இன்று நம்மைச் சிக்கலில் விடுகின்றன.

டி.எஸ்.எஸ்.: கிருண்டிக், ஒலிம்பஸ், பிலிப்ஸ் நிறுவனங்கள் சேர்ந்து 1990களில் கொண்டுவந்த பேச்சுப் பதிவு முறை. மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்யும் அலுவலகங்களுக்காக ஏற்பட்டது. ஒரு மணி நேரப் பேச்சைச் சில எம்.பி.க்குள் அடக்கும். இதன் அடுத்த வடிவமான டி.எஸ்.2 கோப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டவும் முடியும். பூட்டியவர் சொல்லை மறந்தால் கோப்பு இருந்தும் இல்லாததே.

எம்.எஸ்.வி., டி.வி.எஃப்.: சோனியின் பழைய ரெக்கார்டர்கள் எழுதியவை. அந்நிறுவனத்தின் சொந்த மென்பொருளில் திறந்து வேவ் ஆக மாற்றிக்கொள்ள வேண்டும். பின்னர் வந்த அதே நிறுவனத்தின் கருவிகள் எம்.பி.3, வேவ் வகைகளையே எழுதுகின்றன.

டபிள்யூ.எம்.ஏ.: மைக்ரோசாஃப்ட் 1999இல் வெளியிட்டது. விண்டோஸ் கணிப்பொறியில் திறக்கும். ஆப்பிள் கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் தனி மென்பொருள் தேவைப்படும்.

இவற்றில் ஏதேனும் நம்மிடம் இருந்தால், திறக்கக்கூடிய மென்பொருள் கிடைக்கும்போதே வேவ் ஆக மாற்றி வைத்துவிட வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் வி.எல்.சி., ஆடாசிட்டி போன்ற மென்பொருள்கள் பல வகைகளைத் திறக்கும். எல்லாவற்றையும் திறக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது.

கைப்பேசியும் ரெக்கார்டர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய கைப்பேசிகள் ஏ.எம்.ஆர். வகையில் எழுதின. இப்போதைய கைப்பேசிகள் பல எம்.4ஏ வகையில் எழுதுகின்றன. வாட்ஸ்அப்பில் வரும் குரல் ஆர்டர் ஓபஸ் வகை. கைப்பேசி மாறும்போது இவை சேர்ந்து போய்விடுவது நம்மில் பலருக்கு நேர்ந்தது. முக்கியமான ஆர்டரைத் தனியே எடுத்து வைப்பது நல்லது.

கணிப்பொறியோடு சேருமா?

கோப்பு வகை சரியாக இருந்தாலும் ரெக்கார்டரைக் கணிப்பொறி அடையாளம் காண வேண்டும். இதில் இரண்டு விதம் உண்டு. யூ.எஸ்.பி. கம்பியில் இணைத்தவுடன் பென் டிரைவ் போலத் தனி டிரைவாகத் தெரிவது ஒன்று. தனக்கென்று ஒரு டிரைவர் மென்பொருளைக் கணிப்பொறியில் ஏற்றிய பின்தான் பேசுவது மற்றொன்று. முதல் விதமே நமக்கு ஏற்றது.

இரண்டாவது விதத்தின் ஆபத்து என்னவென்றால், 32-பிட் விண்டோஸுக்காக எழுதிய டிரைவர் 64-பிட் விண்டோஸில் வேலை செய்யாது. விண்டோஸ் 11 என்பது 64-பிட் மட்டுமே. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. ஆகவே கணிப்பொறியைப் புதிதாக மாற்றும் அன்றே பழைய ரெக்கார்டர் ஊமையாகிவிடும். கருவி கெடவில்லை, பேச்சுத் துணைதான் போய்விட்டது. எனவே பழைய கணிப்பொறியைப் பழைய சாமான்காரரிடம் போடுமுன், அதில் மட்டும் திறக்கும் பதிவுகள் எவை என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

கார்டு போடும் கருவிகளில் கார்டைக் கழற்றி நேரே கணிப்பொறியில் போடலாம் என்பது பெரிய வசதி. ஆனால் கார்டிலும் தலைமுறை உண்டு. சாதாரண எஸ்.டி. கார்டு 2 ஜி.பி. வரை, எஸ்.டி.எச்.சி. 32 ஜி.பி. வரை, அதற்கு மேல் எஸ்.டி.எக்ஸ்.சி. பழைய ரெக்கார்டரில் 64 ஜி.பி. கார்டைப் போட்டுவிட்டு, கருவி கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை. எது வரை ஏற்கும் என்று கையேட்டில் இருக்கும்.

இணைக்கும் கம்பியிலும் கவனம் வேண்டும். சில கம்பிகள் சார்ஜ் ஏற்ற மட்டுமே, கோப்பு கடத்தாது. கணிப்பொறியில் ரெக்கார்டர் தெரியவில்லை என்றால் முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள்.

கோப்பு கெடும் இடங்கள்

வேவ் கோப்பின் தலைப்பகுதியில் அதன் மொத்த நீளம் எழுதப்பட்டிருக்கும். பதிவை நிறுத்தும் பொத்தானை அழுத்தும்போதுதான் பெரும்பாலான கருவிகள் அந்த நீளத்தைச் சரியாக எழுதி முடிக்கின்றன. நடுவில் பேட்டரி தீர்ந்தாலோ, கார்டைப் பிடுங்கினாலோ கோப்பு காலியாக இருப்பதுபோலத் தெரியும். ஒலி கார்டிலேயே இருக்கலாம்; மீட்கும் மென்பொருள் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். அதுவரை அந்தக் கார்டில் வேறெதையும் பதியக் கூடாது.

32 ஜி.பி. வரையுள்ள கார்டுகளில் வழக்கமாக உள்ள அமைப்பில் ஒரே கோப்பு 4 ஜி.பி.க்கு மேல் போக முடியாது. குறுந்தகட்டுத் தர ஸ்டீரியோவில் அது ஏறக்குறைய 6 மணி 45 நிமிடம். சில கருவிகள் 2 ஜி.பி.யிலேயே, அதாவது சுமார் 3 மணி 22 நிமிடத்தில், அடுத்த கோப்பைத் தொடங்கும். நீண்ட பொதுக்குழு என்றால் இரண்டு கோப்பு இருக்கும். ஒன்றை மட்டும் நகலெடுத்துவிட்டு மற்றதை அழித்துவிடக் கூடாது.

தேதியும் ஒரு தொல்லை. பேட்டரியைக் கழற்றி நெடுநாள் வைத்தால் பல கருவிகளில் கடிகாரம் பழைய நிலைக்குப் போய்விடும். பிறகு பதிவது எல்லாம் வேறொரு தேதியில் விழும். எனவே பதியத் தொடங்கும்போது இன்ன தேதி, இன்ன இடம், யார் யார் இருக்கிறோம் என்று வாயாலேயே சொல்லிவிடுவது நல்ல வழக்கம்.

வழக்கு என்று வந்தால்

இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். 2014இல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம், மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாகத் தருவதற்குச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் வேண்டும் என்றது. 2020இல் இன்னொரு வழக்கில் அதையே உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியம், 2023 நடைமுறையில் உள்ளது. அதன் 63ஆம் பிரிவுப்படி தரும் சான்றிதழில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும்.

ஹேஷ் மதிப்பு என்பது கோப்பிலுள்ள எல்லா எண்களிலிருந்தும் கணக்கிட்டு வரும் ஓர் அடையாள எண். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். வகை மாற்றிய கோப்புக்கும் மூலக் கோப்புக்கும் ஹேஷ் வெவ்வேறு. ஆகவே கேட்பதற்கு வசதியாக வேவ் ஆக மாற்றிக்கொண்டாலும் மூலக் கோப்பை அப்படியே வைத்திருக்க வேண்டும். கூடுமானால் கருவியையும் வைத்திருக்க வேண்டும். எதிரில் இருப்பவருக்குச் சொல்லிவிட்டுப் பதிவதே வணிக மரியாதை. மேற்கொண்டு வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும்.

வாங்கும்போது கடையில் கேட்க வேண்டியவை

1. வேவ் அல்லது எம்.பி.3 வகையில் நேரடியாகப் பதியுமா?
2. டிரைவர் ஏற்றாமல் கணிப்பொறியில் தனி டிரைவாகத் தெரியுமா? கடையிலேயே இணைத்துக் காட்டச் சொல்லவும்.
3. கார்டு போட முடியுமா? எத்தனை ஜி.பி. வரை?
4. சாதாரணமாகக் கிடைக்கும் பேட்டரியா? கம்பி எந்த வகை?

பதிந்த பின் செய்ய வேண்டியவை

1. அன்றே கணிப்பொறிக்கு நகலெடுக்கவும். கம்பியை எடுக்குமுன் முறைப்படி வெளியேற்றவும்.
2. நகலின் தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் கேட்டுப் பார்க்கவும். கோப்பின் அளவு இரண்டிலும் ஒன்றா என்று ஒப்பிடவும்.
3. நகலுக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயரிடவும். ரெக்கார்டரில் உள்ளதன் பெயரை மாற்ற வேண்டாம். சில கருவிகளில் அது பிறகு தெரியாமல் போகும்.
4. இரண்டாவது நகலை வேறொரு கட்டடத்தில் வைக்கவும். கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று போதும்.
5. இத்தனையும் முடிந்த பின்னரே மூலத்தை அழிப்பது பற்றி யோசிக்கவும். முக்கியமானதை அழிக்கவே வேண்டாம்.
6. ஆண்டுக்கு ஒரு முறை, ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரத்தில், பழைய பதிவுகள் திறக்கின்றனவா என்று பார்க்கவும்.

எங்கள் சங்கத்தில் அந்த மூன்று பதிவுகளும் இப்போது வேவ் கோப்புகளாக மூன்று இடங்களில் இருக்கின்றன. அவற்றிலுள்ள கணக்கைத் தாளிலும் எழுதி, இரண்டு நிர்வாகிகள் கையெழுத்திட்டு, கோப்பில் சேர்த்திருக்கிறோம். நான்காவது பதிவின் ஆறு நிமிடத்தையும் அழிக்காமல் வைத்திருக்கிறோம். கிழக்கு வரிசையின் முதல் கடைக் கணக்கைப் பெரியவர் தொடங்கும் இடத்தில் அது நின்றுவிடுகிறது.

உறுப்பினர்கள் தங்கள் மேசை அறைகளையும் பீரோக்களையும் இந்த மாதமே ஒரு முறை பார்க்க வேண்டுகிறோம். பழைய ரெக்கார்டரோ, பெயர் எழுதாத குறுந்தகடோ, அதனோடு வந்த மென்பொருள் தகடோ இருந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். திறக்கக்கூடிய கணிப்பொறி யாரிடமாவது இருக்கும்போதே திறந்து, மாற்றி, கேட்டுப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.